ஒற்றைக் கை மேஜர்

ஆயிரம் மைல் ஆற்றில் படகு விட்டு, கொலராடோ பள்ளத்தாக்கின் மர்மத்தை உடைத்த ஜான் வெஸ்லி பவலின் வாழ்க்கை

அமெரிக்காவின் தென்மேற்கில் பெரிய பாலைவனம் ஒன்று இருக்கிறது. அது வெறும் மணற்காடு அல்ல. செந்நிறப் பாறைகள் நிறைந்த மேட்டு நிலம். அந்த மேட்டை வாள்கொண்டு அறுத்ததுபோல அறுத்துக்கொண்டு கொலராடோ ஆறு ஓடுகிறது. ஆறு அறுத்த பள்ளம் சில இடங்களில் ஒரு மைல் ஆழம்! அதன் நீளம் 277 மைல். அதற்குக் கிராண்ட் கேன்யன், அதாவது மாபெரும் பள்ளத்தாக்கு என்று பெயர்.

இப்போது அது தேசியப் பூங்கா. அந்த வட்டாரத்தில் சயான், கேன்யன்லாந்ட்ஸ் என்று இன்னும் பல பூங்காக்கள் இருக்கின்றன. ஆண்டுதோறும் லட்சக்கணக்கானவர்கள் அங்கே போகிறார்கள். குழந்தை குட்டிகளோடு காரில் வருகிறார்கள். கூடாரம் அடித்துத் தங்குகிறார்கள். பாறைப் பாதைகளில் நடக்கிறார்கள். அவர்கள் கையில் வரைபடம் இருக்கிறது. எங்கே பாதை, எங்கே தண்ணீர், எங்கே ஆபத்து என்று எல்லாம் அதில் இருக்கிறது.

1869-ம் ஆண்டுக்கு முன்பு அப்படி ஒரு வரைபடம் கிடையாது. அந்தப் பகுதி அமெரிக்க வரைபடத்தில் வெறும் வெள்ளை இடமாக இருந்தது. ஆறு பூமிக்குள் புகுந்து மறைகிறது என்றார்கள் சிலர். நயாகராவைவிடப் பெரிய நீர்வீழ்ச்சி உள்ளே இருக்கிறது என்றார்கள் சிலர். படகில் போனால் பிணம்கூடத் திரும்பாது என்றார்கள் எல்லாரும்.

அந்த ஆற்றில் ஒருவர் துணிந்து இறங்கினார். அவர் ஒரு கல்லூரி ஆசிரியர். அவருக்கு வலக்கை கிடையாது!

கல்லடி பட்ட சிறுவன்

ஜான் வெஸ்லி பவல் 1834-ம் ஆண்டு மார்ச் 24-ந் தேதி, நியூயார்க் மாநிலத்தில் மவுண்ட் மாரிஸ் என்ற ஊரில் பிறந்தார். தந்தை ஜோசப் பவல் இங்கிலாந்திலிருந்து பிழைக்க வந்தவர். மெதடிஸ்ட் சபையின் போதகர். அந்தச் சபையை நிறுவியவரின் பெயரையே மகனுக்கும் சூட்டினார்.

குழந்தைக்கு நான்கு வயதானபோது குடும்பம் ஒகையோ மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தது. அக்காலத்தில் அமெரிக்காவில் நீக்ரோ மக்களை அடிமைகளாக விலைக்கு விற்றார்கள். அது பாவம் என்று ஜோசப் பவல் ஊரறியப் பேசினார். ஊராரில் பலருக்கு அது பிடிக்கவில்லை. அப்பாமீது இருந்த கோபத்தை மகன்மீது காட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் பையன்கள் அவனைக் கல்லால் அடித்தார்கள்.

பள்ளிக்கூடம் நின்றது. ஆனால் படிப்பு நிற்கவில்லை. ஜார்ஜ் குரூக்கம் என்ற அண்டை வீட்டுப் பெரியவர் சிறுவனைத் தம்மிடம் அழைத்துக்கொண்டார். அவரும் அடிமை முறையை எதிர்த்தவர். செடி, கொடி, கல், எலும்பு என்று சேர்த்து வீட்டிலேயே ஒரு காட்சிசாலை வைத்திருந்தவர். அவர் சிறுவனைக் காட்டுக்கும் மேட்டுக்கும் கூட்டிப் போவார். ஒரு பொருளைக் கையில் எடுத்துப் பார், பிறகு பேசு என்பதே அவர் கற்றுத்தந்த பாடம். அந்தப் பெரியவரின் காட்சிசாலைக்கு எதிரிகள் பின்னாளில் தீ வைத்துவிட்டார்கள். ஆனால் அவர் கற்றுக்கொடுத்த பாடம் எரியவில்லை!

பன்னிரண்டு வயதில் பவலின் தலையில் குடும்பப் பாரம் விழுந்தது. தந்தை ஊர் ஊராகப் பிரசங்கம் செய்யப் போய்விடுவார். பண்ணை வேலை முழுவதும் மகன் பொறுப்பு. வண்டியில் தானியம் ஏற்றித் தொலைதூரச் சந்தைக்குப் போவான். போகும்போதும் வரும்போதும் வண்டியில் உட்கார்ந்து புத்தகம் படிப்பான்.

மகனும் போதகராக வேண்டும் என்று தந்தை விரும்பினார். மகனோ ஆறுகளை விரும்பினான். 1856-ல் மிசிசிப்பி ஆற்றில் தனியாகத் துடுப்புப் போட்டுக் கடல்வரை போனார் பவல். மறு ஆண்டு ஒகையோ ஆறு. அதற்கு மறு ஆண்டு இல்லினாய் ஆறு. போன இடமெல்லாம் கிளிஞ்சல்களைச் சேகரித்தார். மூன்று கல்லூரிகளில் படித்தார். பட்டம் வாங்கவில்லை. பள்ளிக்கூட ஆசிரியராகி வயிறு வளர்த்தார்.

போரில் போன கை

1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் மூண்டது. அடிமை முறைதான் அதன் மூலகாரணம். பவல் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். விரைவில் பீரங்கிப் படையின் காப்டன் ஆனார். அந்த ஆண்டு நவம்பரில் லீவு வாங்கிக்கொண்டு போய் எம்மா டீன் என்ற பெண்ணை மணந்துகொண்டார். எம்மா வேறு யாருமல்ல. அவருடைய தாய்மாமன் மகள்தான்.

கல்யாணமாகி ஐந்து மாதம்கூட ஆகவில்லை. 1862-ம் ஆண்டு ஏப்ரல் 6-ந் தேதி ஷைலோ என்ற இடத்தில் கடும் சண்டை நடந்தது. பீரங்கியைச் சுடும்படி சைகை காட்ட பவல் வலக்கையைத் தூக்கினார். எதிரியின் குண்டு அந்தக் கையில் பாய்ந்தது. எலும்பு நொறுங்கியது. இரண்டு நாள் கழித்து, முழங்கைக்குக் கீழே கையை வெட்டி எடுத்தார்கள்.

அப்போது அவருக்கு வயது 28.

வேறு ஒருவராக இருந்தால் வீட்டுக்குப் போயிருப்பார். பவல் புண் ஆறியதும் மறுபடியும் படைக்கே போனார். இடக்கையால் எழுதப் பழகினார். எம்மாவும் விசேஷ அனுமதி பெற்றுப் போர்முனையில் அவர் கூடவே இருந்து கவனித்துக்கொண்டார். மேஜராக உயர்ந்து, 1865-ல் பவல் படையிலிருந்து விலகினார். வெட்டுப்பட்ட கையின் வலி மட்டும் சாகும்வரை அவரை விட்டு விலகவில்லை.

பிறகு இல்லினாய் மாநிலக் கல்லூரி ஒன்றில் மண்ணியல் ஆசிரியரானார். வகுப்பறையில் பாடம் சொல்வது அவருக்குப் போதவில்லை. 1867-ல் மாணவர்களை அழைத்துக்கொண்டு மேற்கே ராக்கி மலைக்குப் போனார். எம்மாவும் போனார். 14,000 அடிக்கு மேல் உயரமுள்ள பைக்ஸ் சிகரத்தில் கணவனும் மனைவியும் ஏறினார்கள். அந்த மலைகளில் பிறக்கும் ஓடைகள் பல எங்கே போகின்றன? கொலராடோ ஆற்றுக்கு! அந்த ஆறு எங்கே போகிறது? அது யாருக்கும் சரியாகத் தெரியாது. அதைத் தாமே பார்த்துவிடுவது என்று பவல் முடிவு செய்தார்.

நான்கு படகு, பத்துப் பேர்

சிகாகோ நகரில் நான்கு படகுகள் செய்யப்பட்டன. மூன்று பெரியவை, ஓக் மரத்தால் செய்தவை, 21 அடி நீளம். நான்காவது பைன் மரத்தில் செய்த சிறிய படகு, 16 அடி. அதற்கு மனைவியின் பெயரையே வைத்தார் பவல். எம்மா டீன்!

படகுகளை ரயில் கம்பெனி இலவசமாகவே ஏற்றி வந்தது. 1869-ம் ஆண்டு மே 24-ந் தேதி, வையோமிங் பிரதேசத்தில் கிரீன் ரிவர் என்ற ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் படகுகள் நீரில் இறங்கின. அங்கே ஓடும் கிரீன் ஆறுதான் தெற்கே போய் கொலராடோவில் கலக்கிறது.

மொத்தம் பத்துப் பேர். பவலும் அவர் தம்பி வால்ட்டரும் தவிர, மற்றவர்கள் வேட்டைக்காரர்கள், பழைய சிப்பாய்கள், நாடோடிகள். ஓரமல் ஹௌலண்ட் என்பவர் அச்சுக்கூடத்தில் வேலை பார்த்தவர். வரைபடம் எழுதும் பொறுப்பு அவருடையது. அவர் தம்பி செனெகாவும் கூட வந்தார். பில் டன் என்பவர் வேட்டைக்காரர். இந்த மூன்று பேரின் பெயரையும் நினைவில் வைக்க வேண்டும்.

பத்து மாதத்துக்குப் போதுமான உணவு படகுகளில் ஏற்றப்பட்டது. கோதுமை மாவு, உப்புக்கண்டம், ஆப்பிள் வற்றல், காப்பி. நீரில் மிதக்க உதவும் ரப்பர் சட்டை ஒன்றே ஒன்று இருந்தது. ஒரு கையால் நீந்த முடியாத பவல் அதை அணிந்துகொண்டார்.

உணவைவிட முக்கியமான பொருள் ஒன்று இருந்தது. அதுதான் பாரமானி. மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும். கீழே இறங்க இறங்கக் கூடும். அதைப் பாரமானி காட்டும். அதைக்கொண்டு ஆறு எவ்வளவு இறங்கியிருக்கிறது, இன்னும் எவ்வளவு இறங்க வேண்டும் என்று கணக்குப் போடலாம். இருட்டில் நடப்பவனுக்குக் கைவிளக்கு எப்படியோ, பவலுக்குப் பாரமானி அப்படி.

உடைந்தது படகு!

முதல் இரண்டு வாரம் ஓரளவு சுகமாகப் போயிற்று. ஜூன் இரண்டாவது வாரத்தில் விபத்து வந்தது.

ஆறு சமமாக ஓடும் இடத்தில் படகு தானாகப் போகும். பாறைகள்மீது சரிந்து நுரைத்துப் பாயும் இடங்களில்தான் ஆபத்து. அத்தகைய பாய்ச்சல் வந்தால், கரையில் நின்று படகைக் கயிற்றால் கட்டி மெதுவாக இறக்குவார்கள். அல்லது சாமான்களைத் தலையில் சுமந்து பாறைமேல் ஏறிப் போவார்கள். பவல் முன்னால் போய்ப் பார்த்துவிட்டுக் கொடியைக் காட்டுவார். அன்று ஹௌலண்ட் சகோதரர்கள் இருந்த படகு சமயத்தில் கரை ஒதுங்கவில்லை. பாய்ச்சல் அதை இழுத்துக்கொண்டு போனது. பாறையில் மோதி இரண்டாகப் பிளந்தது!

அதிலிருந்த மூன்று பேரும் ஆற்றின் நடுவே ஒரு திட்டில் ஒதுங்கினார்கள். சிறிய படகில் போய் அவர்களை மீட்டார்கள். ஆனால் உணவில் பெரும் பங்கு போயிற்று. ஹௌலண்ட் அதுவரை வரைந்த வரைபடங்கள் போயின. பாரமானிகள் எல்லாம் அந்தப் படகில்தான் இருந்தன!

உடைந்த படகின் ஒரு துண்டு கீழே பாறையில் தொற்றிக்கொண்டிருந்தது. உயிரைப் பணயம் வைத்து இருவர் அதை எட்டிப் பிடித்தார்கள். பாரமானிகள் கிடைத்தன. கூடவே ஒரு சாராயப் பீப்பாயும் கிடைத்தது. மேஜருக்குத் தெரியாமல் யாரோ ஏற்றிவைத்திருந்த பீப்பாய் அது! குளிரில் நடுங்கியவர்களைப் பார்த்த பவல் அன்று அதைக் கண்டிக்கவில்லை.

கால்சட்டை காப்பாற்றியது

ஆற்றில் போவது மட்டும் பவலின் வேலை அல்ல. முகாம் போட்ட இடத்திலெல்லாம் பாறைமேல் ஏறுவார். உயரம் அளப்பார். பாறை அடுக்குகளைக் குறித்துக்கொள்வார்.

ஒரு நாள் பிராட்லி என்ற பழைய சிப்பாயோடு செங்குத்தான பாறையில் ஏறினார். ஓரிடத்தில் எட்டிக் குதித்து, இடக்கையால் ஒரு முனையைப் பற்றிக்கொண்டார். அதற்கு மேலே போக வழியில்லை. பின்னால் திரும்பவும் முடியவில்லை. கீழே பாதாளம். பற்றிக்கொள்ள இன்னொரு கை இல்லை. கால்கள் நடுங்கத் தொடங்கின.

பிராட்லி மேலே ஒரு விளிம்பில் நின்றார். கை நீட்டினால் எட்டவில்லை. கயிறும் இல்லை, கம்பும் இல்லை. அந்த மனிதருக்குச் சட்டென்று ஒரு யோசனை தோன்றியது. தாம் அணிந்திருந்த நீண்ட உள்கால்சட்டையைக் கழற்றிக் கீழே தொங்கவிட்டார்! பவல் துணிந்து பாறையை விட்டுவிட்டு, பின்பக்கம் சாயும் அந்த ஒரு நொடியில் துணியைப் பிடித்தார். பிராட்லி மேலே தூக்கினார்.

ஒரு மயிரிழையில் தப்பிய பவல், மறுபடியும் மேலே ஏறி உயரத்தை அளந்துவிட்டுத்தான் இறங்கினார்.

செத்ததாக வந்த செய்தி

ஜூலையில் ஒருவர் இந்தப் பிழைப்பே வேண்டாம் என்று விலகிப் போனார். ஒன்பது பேர் மிஞ்சினார்கள்.

அதே சமயத்தில் வெளியுலகில் வேறொரு கூத்து நடந்தது. படகுகள் எல்லாம் மூழ்கிவிட்டன, தான் ஒருவன்தான் தப்பினேன் என்று ஒரு மோசடிக்காரன் கதை கட்டினான். பத்திரிகைகள் அதைப் பெரிதாக வெளியிட்டன. நாடே துக்கப்பட்டது.

எம்மா மட்டும் கலங்கவில்லை. கணவரோடு போனவர்கள் யார் யார் என்று அவருக்குத் தெரியும். அந்தப் பெயருள்ளவன் குழுவிலேயே கிடையாது. அது பொய் என்று உறுதியாகச் சொன்னார். பொய்தான் என்று பிறகு எல்லாருக்கும் தெரிந்தது.

பட்டினி

ஆகஸ்ட் மாதம் மூன்று படகுகளும் மாபெரும் பள்ளத்தாக்குக்குள் நுழைந்தன. இரு பக்கமும் வானளாவிய பாறைச் சுவர். நடுவே செம்மண் நிறத்தில் கொந்தளிக்கும் ஆறு. மேலே வானம் ஒரு ரிப்பன்போலத் தெரிந்தது. பகலில் அனல், இரவில் மழை. கூடாரத் துணியும் நைந்துபோயிற்று. உட்காரக்கூட இடமில்லாமல் பாறைமேல் ஒண்டிக்கொண்டு இரவைக் கழித்தார்கள்.

உப்புக்கண்டம் அழுகியது. தூக்கி எறிந்தார்கள். மாவு நனைந்து பூசணம் பிடித்தது. சல்லடையில் சலித்து அதையே சுட்டுத் தின்றார்கள். ரொட்டி உப்புவதற்குப் போடும் ஆப்பசோடாவும் ஒரு நாள் ஆற்றில் விழுந்துவிட்டது. பிறகு கல்லைப்போன்ற ரொட்டிதான். அதோடு ஆப்பிள் வற்றலும் காப்பியும்.

ஓரிடத்தில் கரையோரம் பூர்வகுடிகளின் தோட்டம் ஒன்று தெரிந்தது. பூசணிக்காய் காய்த்திருந்தது. தோட்டக்காரர்கள் யாரும் இல்லை. கேட்காமல் எடுப்பது திருட்டு என்று அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். பசி கேட்கவில்லை. பறித்துக்கொண்டு ஓடிவந்து வேகவைத்துத் தின்றார்கள். அந்தத் தவற்றைப் பவல் மறைக்கவில்லை. தமது புத்தகத்தில் எழுதியே வைத்தார்.

பிரிவு

ஆகஸ்ட் 27. அதுவரை பார்த்த பாய்ச்சல்களை எல்லாம்விட மோசமான ஒன்று எதிரே வந்தது. கயிறு கட்டி இறக்கக் கரை இல்லை. சுமந்து போக வழி இல்லை. உணவு சில நாட்களுக்குத்தான் இருந்தது.

அன்று இரவு ஓரமல் ஹௌலண்ட் பவலைத் தனியே அழைத்தார். இனி ஆற்றில் போவது தற்கொலை, எல்லாரும் பாறைமேல் ஏறித் தரைவழியாகப் போய்விடலாம் என்று வேண்டினார். அவரும் தம்பி செனெகாவும் பில் டன்னும் அப்படியே முடிவு செய்துவிட்டார்கள்.

பவலுக்கு அன்று தூக்கம் இல்லை. கருவிகளை எடுத்துக் கணக்குப் போட்டார். ஆறு வெளியே வரும் இடம் நேர்க்கோட்டில் சுமார் 45 மைல் என்று கணக்குச் சொன்னது. ஆற்றின் வளைவுகளைச் சேர்த்தால் அதைப்போல் இரண்டு மடங்கு. விடியும்வரை மணலில் அங்கும் இங்கும் நடந்தார். கணக்கு சரிதானா? ஒன்பது உயிர்களை அந்தக் கணக்கை நம்பிப் பணயம் வைக்கலாமா? ஒரு கட்டத்தில் ஆற்றை விட்டுவிடலாம் என்றுகூட எண்ணினார். ஆனால் இவ்வளவு தூரம் வந்துவிட்டு, எஞ்சிய பகுதியைப் பார்க்காமல் போக மனம் வரவில்லை. ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டார். ஐந்து பேர் உடன் வருவதாகச் சொன்னார்கள்.

மறுநாள் காலை. யாரும் பேசவில்லை. பிரிந்து போகும் மூவருக்கும் துப்பாக்கிகள் கொடுத்தார்கள். இருந்த உணவிலும் பங்கு கொடுத்தார் பவல். அவர்கள் வேண்டாம் என்று மறுத்தார்கள். சமையல்காரர் ஹாக்கின்ஸ் சுட்ட ரொட்டிகளை மட்டும் பாறைமேல் வைத்தார். மேஜர் மனைவிக்குக் கடிதம் எழுதி அவர்களிடம் தந்தார். பயணக் குறிப்புகளின் ஒரு பிரதியையும் தந்தார். எந்தக் கூட்டம் பிழைக்கும் என்று யாருக்குத் தெரியும்? இவர்கள் சாகப் போகிறார்கள் என்று அவர்கள் நினைத்தார்கள். அவர்கள் சாகப் போகிறார்கள் என்று இவர்கள் நினைத்தார்கள். கண்ணீரோடு பிரிந்தார்கள்.

ஆள் குறைந்ததால் எம்மா டீன் படகைக் கரையிலேயே விட்டுவிட்டு, ஆறு பேர் இரண்டு படகுகளில் பாய்ச்சலுக்குள் நுழைந்தார்கள். படகுகள் எகிறின. நீர் உள்ளே பாய்ந்தது. ஒரு நிமிஷம்தான். கீழே சமநீரில் வந்து நின்றார்கள். பயந்த அளவு மோசமில்லை! துப்பாக்கியால் சுட்டு ஓசை எழுப்பினார்கள். வந்துவிடுங்கள் என்பதற்கு அது அடையாளம். வெகுநேரம் காத்திருந்தார்கள். மூவரும் வரவில்லை.

ஒரே நாள்

மறுநாள் நண்பகல். பாறைச் சுவர்கள் விலகின. விரிந்த வானம் தெரிந்தது. பள்ளத்தாக்கு முடிந்துவிட்டது! பொறுத்திருக்க வேண்டியது ஒரே ஒரு நாள்தான்.

ஆகஸ்ட் 30-ந் தேதி விர்ஜின் ஆறு வந்து சேரும் இடத்தில் சிலர் மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மார்மன் சபையைச் சேர்ந்த குடியானவர்கள். படகின் உடைந்த துண்டு ஏதாவது மிதந்து வருகிறதா என்று பார்க்கச் சொல்லி அவர்களுக்கு உத்தரவு வந்திருந்தது. துண்டுக்குப் பதிலாக உயிரோடு ஆறு பேர் வந்து இறங்கினார்கள்! பக்கத்து ஊரிலிருந்து முலாம்பழம் வந்தது. மூன்று மாதத்துக்கு மேலாக, ஏறக்குறைய ஆயிரம் மைல் வந்தவர்கள் வயிறார உண்டார்கள்.

பிரிந்துபோன மூவர் என்ன ஆனார்கள்? பாறைமேல் ஏறிய அவர்கள் மேட்டு நிலத்தில் கொல்லப்பட்டார்கள்.

1870-ல் பவல் அந்த இடத்துக்கே போனார். அங்கே வாழ்ந்தவர்கள் ஷிவ்விட்ஸ் என்ற பூர்வகுடி மக்கள். மார்மன் தூதர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அவர்களோடு உட்கார்ந்து பேசினார். சுரங்கக்காரர்கள் சிலர் பூர்வகுடிப் பெண் ஒருத்தியைக் கொன்றுவிட்டார்கள் என்றும், அந்தக் கொலைகாரர்கள் என்று எண்ணி இந்த மூவரையும் கொன்றுவிட்டோம் என்றும் அவர்கள் சொன்னார்கள். ஆற்றுவழியாக வந்தோம் என்று மூவரும் சொன்னதை நம்பவில்லையாம். அந்த ஆற்றில் யார்தான் வந்திருக்கிறார்கள்?

பவல் பழிவாங்கவில்லை. படையை அழைக்கவில்லை. அன்று இரவு அவர்கள் நடுவிலேயே படுத்துத் தூங்கினார். கொன்றவர்கள் அவர்கள்தானா என்று பிற்கால ஆராய்ச்சியாளர்கள் சந்தேகம் கிளப்பினார்கள். அந்த விவாதம் தீரவில்லை.

மூவரும் கோழைகள் என்று சிலர் ஏசியதுண்டு. அது நியாயமா? மூன்று மாதம் மரணத்தோடு மல்லாடியவர்கள் கோழைகளா? ஆனால் பள்ளத்தாக்கின் விளிம்பில் பின்னாளில் பவலுக்கு நினைவுச் சின்னம் எழுப்பியபோது, தோழர்கள் வரிசையில் இந்த மூவரின் பெயர்களையும் பொறிக்காமல் விட்டுவிட்டார்கள்.

நாற்காலிப் படகு

1871-ல் பவல் மறுபடியும் அதே ஆற்றில் இறங்கினார். இம்முறை வரைபடம் எழுதுவோரும் புகைப்படக்காரரும் கூட வந்தார்கள். படகின் மேல்தட்டில் ஒரு நாற்காலியைக் கட்டி, அதில் உட்கார்ந்தபடி ஆற்றைக் கவனித்தார் பவல். அவருடைய ஒரே மகள் மேரி அந்த ஆண்டில்தான் பிறந்தாள். அவருடைய குழு எஸ்கலான்ட்டி என்ற ஆற்றையும் ஹென்றி மலைத்தொடரையும் வரைபடத்தில் சேர்த்தது. வெள்ளை இடம் நிரம்பியது.

1875-ல் அவர் எழுதிய புத்தகம் அவருக்குப் பெரும் புகழ் தந்தது. அதில் ஒரு குறையும் உண்டு. இரண்டு பிரயாணங்களையும் கலந்து ஒன்றாகவே எழுதிவிட்டார். இரண்டாவது முறை உழைத்தவர்களின் பெயர்கள் விடுபட்டன. அவர்களுக்கு அது தீராத மனத்தாங்கல்.

தண்ணீர்க் கணக்கு

பவலின் பெரிய போராட்டம் ஆற்றில் நடந்ததல்ல. தலைநகரில் நடந்தது.

மேற்கே போகும் ஒவ்வொரு குடியானவனுக்கும் 160 ஏக்கர் நிலம் தருவது அமெரிக்க சர்க்காரின் சட்டம். மழை பெய்யும் கிழக்குப் பகுதிக்கு அது சரி. மழையே இல்லாத மேற்குப் பகுதிக்கு? ஏர் பூட்டி உழுதால் மழை தானாக வந்துவிடும் என்று நிலம் விற்பவர்கள் புளுகினார்கள். ஏழைகள் நம்பினார்கள். வண்டி கட்டிக்கொண்டு போனார்கள்.

பவல் மழையை அளந்தார். ஓடைகளின் நீரை அளந்தார். 1878-ல் அறிக்கை கொடுத்தார். ஆண்டுக்கு 20 அங்குல மழைக்குக் குறைந்தால் பாசனம் இல்லாமல் விவசாயம் நிற்காது. யூட்டா பிரதேசம் முழுவதிலும் பாசனம் செய்யக்கூடிய நிலம் நூற்றுக்கு மூன்று ஏக்கர்கூடத் தேறாது. பாசன நிலமானால் ஒரு குடும்பத்துக்கு 80 ஏக்கரே போதும். மேய்ச்சல் நிலமானால் 2,560 ஏக்கர் வேண்டும். தண்ணீர் இல்லாத நிலத்தை ஏழை தலையில் கட்டுவது அவனை ஏமாற்றுவதாகும். இதுதான் அறிக்கையின் சாரம்.

1881-ல் அமெரிக்க மண்ணியல் ஆய்வுத் துறையின் தலைவரானார். நாடு முழுவதையும் அளந்து வரைபடம் எழுதும் வேலையைத் தொடங்கினார். பூர்வகுடிகளின் மொழிகளையும் வழக்கங்களையும் எழுதிவைக்கும் நிலையத்துக்கு 1879 முதல் சாகும்வரை அவரே தலைவர்.

1888-ல் பாசன ஆய்வு தொடங்கியது. அளந்து முடியும்வரை மேற்கில் புதிதாக நிலம் கொடுப்பது நிறுத்தப்பட்டது. நில வியாபாரிகள் கொதித்தார்கள். அவர்களுக்கு வேண்டிய சட்டசபைக்காரர்கள் 1890-ல் ஆய்வுக்குப் பணத்தை நிறுத்திவிட்டார்கள்.

1893-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பாசன மாநாடு கூடியது. பாலைவனம் முழுவதையும் சோலையாக்குவோம் என்று எல்லாரும் முழங்கினார்கள். கைதட்டல் வானைப் பிளந்தது. பவல் எழுந்தார். இருக்கிற நிலம் முழுவதற்கும் போதுமான தண்ணீர் இல்லை என்றார். இல்லாத தண்ணீரை நம்பி நிலத்தைப் பிரித்தால் சண்டையும் வழக்கும்தான் மிஞ்சும் என்றார். கூட்டம் கூச்சல் போட்டது. ஏளனம் செய்தது.

கல்லடி பட்ட சிறுவனுக்கு அது புதிதல்ல. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மறு ஆண்டு பதவியிலிருந்து விலகினார். வெட்டுப்பட்ட கையில் மறுபடியும் அறுவைச் சிகிச்சை நடந்தது.

பொய்க்காத கணக்கு

1902-ம் ஆண்டு செப்டம்பர் 23-ந் தேதி, மெய்ன் மாநிலத்திலுள்ள கோடைக்கால வீட்டில் பவல் காலமானார். வயது 68. ஆர்லிங்டன் ராணுவ இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள். எம்மா 1924-ல் மறைந்தார். கணவர் பக்கத்திலேயே அவருக்கும் இடம் கிடைத்தது.

1919-ல் கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்கா ஆயிற்று. 1922-ல் ஏழு மாநிலங்கள் கொலராடோ ஆற்று நீரைப் பங்கு போட்டுக்கொண்டன. ஆற்றில் உள்ளதைவிட அதிகமாகப் பங்கு எழுதிவிட்டார்கள்! 1963-ல் ஆற்றின் குறுக்கே பெரிய அணை எழுந்தது. அதில் தேங்கிய ஏரிக்குப் பவல் ஏரி என்றே பெயர் வைத்தார்கள்.

2000-ம் ஆண்டுக்குப் பிறகு நீண்ட வறட்சி வந்தது. 2023-ல் அந்த ஏரியின் நீர்மட்டம், அது நிரம்பிய நாளிலிருந்து காணாத அளவுக்குத் தாழ்ந்தது. நீரில் மூழ்கியிருந்த பாறைகள் வெளியே வந்தன. அவற்றில் வெள்ளை வெள்ளையாகப் பழைய நீர்க்கோடு தெரிந்தது. எத்தனையோ ஆண்டுகளாக ஆறு கடலைத் தொடுவதே அபூர்வமாகிவிட்டது.

அன்று மாநாட்டில் கூச்சல் போட்டவர்களின் பெயர் யாருக்கும் நினைவில்லை. இடக்கையால் எழுதிய அந்தக் கணக்கு மட்டும் நிற்கிறது. பேசுவதற்கு முன் அளந்து பார். அளந்த பிறகு அஞ்சாமல் சொல். ஒற்றைக் கை மேஜர் விட்டுச்சென்ற சொத்து அதுதான்.